சாலையோரக் கடையில் நான் தூங்கிப்போன மத்தியானம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். அங்கே நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், நேரத்துக்குத் தூங்கி எழுந்து, நல்லபடியாக இருக்க வேண்டும். நாங்கள் இருவரும் இருக்கிறோம். எப்போதும் எல்லாரும் சுகம் என்று ஆரம்பிப்பேன், இந்தத் தடவை அப்படி எழுதக் கை வரவில்லை. அதற்காகப் பதறாதே, கெட்ட சேதி ஒன்றும் இல்லை, கடைசி வரை படி. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் பேசும்போதெல்லாம் உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு வார்த்தைக்கும் திருத்தம் போடுவாள் என்பது உனக்குத் தெரியும், அதனால் வேலை இடத்தில் லிஃப்ட் மோட்டார் அறையில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். தாளில் கிரீஸ் பட்டிருந்தால் பொறுத்துக்கொள். இங்கே புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. துணி துவைக்கும் மிஷின் மறுபடி தண்ணீர் ஒழுகுகிறது, ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் சரி பண்ணுகிறவன் வீட்டில் இதைச் சரி பண்ண நேரமில்லை. உன் சித்தி தினமும் காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை போன் பண்ணுகிறாள், எடுத்த எடுப்பில் "அக்கா என்ன சாப்டா?" என்பாள், நான் ஏதாவது சொல்வேன், "அவ்வளவுதானா?" என்பாள், வைத்துவிடுவாள். அம்மா வண்டி சொல்லிக்கொடுத்த டிரைவிங் ஸ்கூல் முதலாளி ஒருநாள் வந்து, டீச்சர் எப்ப வந்தாலும் அந்தச் சின்ன வண்டி அவங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷர். உன் அம்மா சிரித்தாள், அவர் போனதும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அம்மாவின் விஷயத்தை உன்னிடம் அரைகுறையாகத்தான் சொல்லிவந்தேன். தொண்டை ஆபரேஷன் நன்றாக நடந்தது, கதிர் வைத்தியமும் முடிந்தது, மூக்கில் இருந்த ட்யூபையும் எடுத்துவிட்டார்கள், அதெல்லாம் நிஜம். ட்யூபை எடுத்த பிறகு அவள் சாப்பிடவே இல்லை என்பதைத்தான் சொல்லவில்லை. அரைத்து வடிகட்டிய சூப், தண்ணீராய்க் கரைத்த கஞ்சி, அதுவும் கால் கிண்ணம், அதற்கே கண்ணில் தண்ணீர் வந்துவிடும். வாயில் எச்சில் ஊறுவதில்லை, ருசி தெரியவில்லை, எல்லாம் ஈர அட்டையை மென்ற மாதிரி இருக்கிறது என்கிறாள். ட்யூப் எடுத்த புதிதில் ஒரு துண்டு வாழைப்பழம் கொடுத்தேன், அது தொண்டையில் மாட்டிக்கொண்டது, முகமெல்லாம் நீலம் பாரித்துவிட்டது, முதுகில் தட்டித் தட்டி வெளியே எடுத்தேன். அன்றிலிருந்து அவள் சாப்பிடுகிற நேரத்தில் நான் வேறெதுவும் செய்வதில்லை. எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஸ்பூன் உள்ளே போவது, தொண்டை அசைவது, மறுபடி வாய் திறப்பது என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருப்பேன். அவள் எதிரில் நான் சாப்பிட்டதே இல்லை. வாசனை போய் அவளை ஏங்க வைக்கக்கூடாது என்று சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நின்றபடியே நாலு வாய் ரொட்டியை உள்ளே தள்ளிவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வெளியே வருவேன். இரவில் அவள் இருமினால் எழுந்து உட்காருவேன், இருமாவிட்டாலும் எழுந்து உட்காருவேன். பாப்பா, எனக்கு அலுத்துப்போய்விட்டது. யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் இப்போதுதான் சொல்கிறேன்.

போன மாதம் பரிசோதனைக்குப் போனோம். விடியற்காலையில் கிளம்பி, நான்தான் வண்டி ஓட்டினேன். உன் அம்மா பக்கத்தில் இருக்கும்போது வண்டி ஓட்டுவது என்ன பாடு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, கியர் மாற்றினால் ஒரு குற்றம், மாற்றாவிட்டால் ஒரு குற்றம். அன்றைக்கு முழு வழியும் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிவப்பு விளக்கில் தாமதமாகத்தான் பிரேக் போட்டேன், அதற்கும் பேச்சில்லை. அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் எடை மிஷினில் ஏற்றினார்கள், டாக்டர் முள்ளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னும் எறங்கிக்கிட்டேதான் போகுது சார். அடுத்த தடவையும் இப்படியே இருந்தா வயித்துலயே நேரா ட்யூப் வெச்சிடலாம். பயப்படாதீங்க, சின்ன வேலைதான்" என்றார். அம்மா காலணியை மாட்டுகிற சாக்கில் குனிந்தவள் நிமிரவே இல்லை. அப்புறம் விழுங்கப் பயிற்சி கொடுக்கிற அந்தச் சின்னப் பொண்ணு எக்ஸ்-ரே படமெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு, "தொண்டை நல்லாத்தான் வேலை செய்யுது, பயம்தான் தடுக்குது. மெத்துனு இருக்கிறதா, கொஞ்சம் கொஞ்சமா, நனைச்சு நனைச்சு குடுத்துப் பாருங்க" என்றாள். நான் தலையை ஆட்டினேன், மனசுக்குள் வாழைப்பழம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பி வருகிற வழியில் நெடுஞ்சாலை ஓரம் ஒரு பர்கர் கடை இருக்கிறது. நீ போன பிறகு வந்தது. முன்பு பெட்ரோல் பங்க்காக இருந்த இடம், அந்தக் கூரையை அப்படியே வைத்துக்கொண்டு, அந்தக் காலத்து வெளிநாட்டுப் படங்களில் வருகிற மாதிரி ஜோடித்திருக்கிறார்கள். தரையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம், சிவப்பு ரெக்ஸின் சீட்டு, காசு போட்டால் பாட்டுப் பாடும் பெட்டி, சுவரில் ஒரு பழைய காரின் முன்பாதி மட்டும் ஹெட்லைட்டோடு துருத்திக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு தடவையும் அதைத் தாண்டித்தான் போவோம், வருவோம், நின்றதில்லை. அன்றைக்கு அது கண்ணில் பட்டதும் அம்மா, "அங்க நிறுத்துங்க" என்றாள். உனக்கு அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டேன், கேட்டபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். "எனக்கு ஒண்ணுமில்ல. உங்க மூஞ்சியைக் கண்ணாடியில பாருங்க, செத்த மீன் மாதிரி இருக்கு. இண்டிகேட்டரைப் போடுங்க" என்றாள். காலையிலிருந்து அவள் சொன்ன முதல் திருத்தம் அதுதான், மறு பேச்சில்லாமல் திருப்பினேன்.

உள்ளே மத்தியான வெயில் கண்ணாடி வழியாக விழுந்து சீட்டெல்லாம் இளஞ்சூடாக இருந்தது. சுவரில் நிற்கிற பாதிக் காரைப் பார்த்துவிட்டு அம்மா, "ஓட்டினவன் நம்ம ஸ்கூல்ல படிச்சவனா இருக்க மாட்டான்" என்றாள். கடையை நடத்துகிறவள் எங்கள் வயதுக்காரி, பருத்த உடம்பு, தலையில் காகிதத்தில் செய்த வெள்ளைத் தொப்பி, வேஷம் தனக்குப் பொருந்தவில்லை என்று அவளுக்கே தெரிகிற ஒரு சிரிப்பு. எனக்கு ஒரு கோழி பர்கர் சொன்னேன், அம்மாவுக்கு வெனிலா மில்க் ஷேக். அதோடு விட்டேனா? அதிகம் குளிர்ச்சி வேண்டாம், கட்டி இருக்கக்கூடாது, ஐஸ் போடாதீங்க, ஸ்ட்ரா வேண்டாம், சின்ன ஸ்பூன் குடுங்க, அவங்களுக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆயிருக்கு என்று பாட்டுப் பெட்டியையும் மீறி எல்லார் காதிலும் விழுகிற மாதிரி விவரித்தேன். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா கழுத்துத் துண்டை இழுத்துத் தழும்பை மூடிக்கொண்டாள். அந்தக் கடைக்காரம்மா மட்டும் என்னைப் பார்க்காமல் அவளிடமே, "உங்களுக்கு எப்படி வேணும்மா?" என்று கேட்டாள். அம்மா, "எப்படி இருக்கோ அப்படியே குடுங்க" என்றாள்.

பர்கர் வந்தது, ஒரு கையால் பிடிக்க முடியாத பருமன். அவள் எதிரில் எப்படிச் சாப்பிடுவது என்று தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஆறிடும், சாப்பிடுங்க" என்று அதட்டினாள். கடித்தேன். சூடாக ஒரு பண்டத்தை உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது. பாதி உள்ளே போயிருக்கும், அதற்கே வயிறு நிரம்பிவிட்டது, முதுகுக்கு மெத்தென்று சீட்டு, வெயில் கழுத்தில் இதமாகப் பட்டது. அவள் ஸ்பூனால் பாலைக் கலக்கிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. அடுத்து எனக்கு ஒன்றும் தெரியாது. சுவரில் தலை சாய்ந்து, வாயைப் பிளந்துகொண்டு, அந்தப் பாட்டுச் சத்தத்திலும் குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறேன்.

விழித்தபோது வெயில் மேஜையை விட்டு நகர்ந்திருந்தது. எதிரே அம்மா காகிதத் துண்டால் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் தட்டு அவள் பக்கம் இருந்தது. அதில் வெங்காய வளையமும் இலையும் பன்னின் மேல்தோலும் ஓரமாய் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன. வேறு எதுவும் இல்லை. எனக்கு முதலில் புரியவில்லை, புரிந்ததும் சந்தோஷம் வரவில்லை பாப்பா, கோபம்தான் வந்தது. "மாட்டியிருந்தா என்ன பண்ணியிருப்ப? செத்துக்கித்துப் போயிருந்தா?" என்று கத்திவிட்டேன். கல்லாவிலிருந்து அந்தக் கடைக்காரம்மா வந்து, "நான் பார்த்துக்கிட்டேதான் சார் இருந்தேன். பன்னைப் பிச்சுப் பால்ல ஊற வெச்சு, கறியை ஃபோர்க்கால மசிச்சு, சாஸைக் கலந்து மெதுவாத்தான் சாப்பிட்டாங்க. நடுவுல ஒரு தரம் இருமினாங்க, ஓடி வந்தேன். கையைக் காட்டி நிறுத்திட்டு, அவரை எழுப்பிடாதீங்கன்னு சொன்னாங்க" என்றாள்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் நிதானமாகத்தான் சொன்னாள். இப்போதெல்லாம் அவள் பேச்சு கொஞ்சம் தடித்துத்தான் வருகிறது, போனில் உனக்கும் தெரிந்திருக்கும், ஆனால் அன்றைக்கு ஒரு எழுத்துகூடச் சிதையவில்லை. "நான் எத்தனை பேருக்கு வண்டி சொல்லிக் குடுத்திருக்கேன். பக்கத்துல உக்காந்துட்டு ஒவ்வொரு திருப்பத்துலயும் நான் மூச்சைப் பிடிச்சா, ஓட்டறவன் எங்க ஓட்டுவான்? நேரா கொண்டுபோய் மரத்துல விடுவான். நீங்க ஸ்டூலைப் போட்டு உக்காரும்போதே எனக்குத் தொண்டை மூடிக்குது. என் வாயை நான் பார்க்கறதில்ல, உங்க கண்ணைத்தான் பார்க்கறேன். அதுல நான் தினம் மூணு வேளை செத்துக்கிட்டிருக்கேன். இன்னிக்குத்தான் நீங்க கண்ணை மூடினீங்க."

முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். இத்தனை மாதம் அவளுக்குக் காவல் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவள் வழியிலேயே நின்றிருக்கிறேனே என்று இருந்தது. அதே சமயம், நான் இல்லாமல் சாப்பிட்டுவிட்டாளே என்று சின்னப்பிள்ளை மாதிரி ஒரு வலியும் இருந்தது, இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வெளியே வந்தால் அவள் பணம் கொடுத்துவிட்டு வாசலில் நிற்கிறாள், கையை நீட்டி, "சாவியைக் குடுங்க. தூக்கம் கண்ணுல தொங்குது, உங்களை நம்பி நான் ஏற மாட்டேன்" என்றாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. கைகள் இளைத்துப்போய் வளையல் முழங்கை வரை ஏறுகிறது, முடியுமா என்று வாய் வரை வந்தது, முழுங்கிவிட்டு சாவியைக் கொடுத்தேன். சீட்டை முன்னால் இழுத்தாள், கண்ணாடியைத் திருத்தினாள், நான் பெல்ட் போடுகிற வரை வண்டியைக் கிளப்ப மாட்டேன் என்றாள். வீடு வருகிற வரை நான் மறுபடி தூங்கினேன். ஒரு பள்ளத்தில்கூட வண்டி குலுங்கவில்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. அன்று சாயங்காலமே பாதியை வாந்தி எடுத்தாள். மறுநாள் பழையபடி கஞ்சிதான். ஆனால் ஸ்டூலைப் பால்கனிக்குக் கொண்டுபோய்விட்டேன். அவள் சாப்பிடுகிற நேரத்தில் நான் அங்கே உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறேன், இருமல் சத்தம் கேட்டால் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்கிறேன், அதைவிடக் கஷ்டமான வேலையை நான் எந்த லிஃப்டிலும் செய்ததில்லை. சில நாள் தட்டு காலியாக வருகிறது, சில நாள் போட்டது போட்டபடி வருகிறது, நான் ஏன் என்று கேட்பதில்லை. போன வாரம் மறுபடி எடை பார்த்தார்கள். ஏறவில்லை, ஆனால் இறங்கவும் இல்லை. ட்யூபைத் தள்ளி வைக்கலாம், பார்த்துக்கொண்டு செய்யலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் உனக்கு ஒன்று சொல்கிறேன், சித்திக்கும் சொல்லிவிட்டேன், கேட்டாளா என்று தெரியவில்லை. போன் பண்ணும்போது அம்மாவிடம் சாப்பிட்டியா, என்ன சாப்பிட்டே என்று கேட்காதே. உன் வேலையைப் பற்றிச் சொல், உன்னோடு மல்லுக்கு நிற்கிற அந்த மேலதிகாரி அம்மாளைப் பற்றிச் சொல், உன் ஊர்க்காரர்கள் வண்டி ஓட்டுகிற லட்சணத்தைச் சொல், ஒரு மணி நேரம் திட்டுவாள், அது அவளுக்கு நல்லது.

நீயும் உடம்பைக் கவனி. கடைவாய்ப் பல் வலிக்கிறது என்றாயே, நாளை நாளை என்று தள்ளாமல் காட்டிவிடு. குளிரில் ஈரத்தலையோடு வெளியே போகாதே. எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உன்னோடு இருக்கிறது, எடுத்த காரியம் எல்லாம் கைகூடி நீ மனநிறைவாக இருக்க வேண்டும். லீவு போட்டு வரட்டுமா என்று நீ கேட்டபோதெல்லாம் வேண்டாம், இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன், உன் வேலை கெடும் என்று சொல்லிவந்தேன். அதை இப்போது மாற்றிச் சொல்கிறேன். பத்து நாள் கிடைத்தாலும் போதும், வா. ஆபீசில் கேட்டால் அம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்றே சொல், அம்மாவிடமும் அப்படியே சொல். ஆனால் அவள் சமாளித்துக்கொள்வாள் பாப்பா. நீ எனக்காக வா.

இப்படிக்கு,
உன்னை எப்போதும் நினைத்துக்கொண்டிருக்கும்
அப்பா