உன் சேனலில் நான் படித்த ஒரே செய்தி

என் பிரியமுள்ள முருகேசண்ணா,

நீ கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இத்தனை நாள் உனக்கு எழுதாமல் இருந்ததற்குத் துக்கம் மட்டும் காரணமில்லை, பயமும்தான். உன் கேபிள் லைனைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கோபப்படு. ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுக் கோபப்படு.

மாமல்லபுரத்தில் மொட்டைமாடியில் டிஷ் வைத்து, குப்பம் வரைக்கும் தென்னைமரம் தென்னைமரமாக வயர் இழுத்தவன் நீ. கேபிள்காரர்கள் தபால் ஆபீஸில் பதியவேண்டும் என்று சட்டம் வந்தபோது என் பேரில் பதிந்தாய். "பொம்பள பேருன்னா போலீஸு கை வைக்க யோசிப்பான் செல்வி" என்று சிரித்தாய். புதுப்படம் போட்டு ஒருமுறை மாட்டிக்கொண்ட பிறகு உனக்கு வந்த புத்தி அது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

நீ போன மூன்றாம் மாதம் சென்னைக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். கேளம்பாக்கத்தில் சொந்தமாகக் கேபிள் நடத்தியவர். லைனை இதே கம்பெனியிடம் பறிகொடுத்துவிட்டு இப்போது அவர்களிடமே வேலை பார்க்கிறார். அவர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபமில்லை. "நீ குடுக்கலன்னா பக்கத்துலயே அவங்க வயர் இழுப்பாங்கம்மா. பாதி வாடகைக்குக் குடுப்பாங்க. நான் அப்டிதான் போனேன்" என்றார்.

"வயருதான போவுது? எங்க லோக்கல் சேனலு எங்களுக்குத்தான?" என்று கேட்டேன். "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்றார். காகிதம் முழுக்க ஆங்கிலம். லைன் என் பேரில் இருந்ததால் என் ஒரு கையெழுத்தே போதுமாக இருந்தது. சேனலும் சேர்த்துத்தான் போனது. வீடுவீடாக வசூல் பண்ணும் வேலை மட்டும் எனக்கு மிஞ்சியது.

சாயங்காலம் ஆறரைக்கு அந்தச் சேனலில் உட்கார்ந்து படிப்பாயே அண்ணா, இறந்தவர் பெயர், தண்ணீர் வராத தெரு, கரை திரும்பாத படகு? அதெல்லாம் நின்றுபோனது. அந்த நேரத்தில் நகைக்கடை விளம்பரம் ஓடியது.

போன வாரம் அஞ்சலை அக்கா தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். அவள் மகனும் இன்னும் இரண்டு பேரும் போன படகு வரவில்லை. "டிவில சொல்லு செல்வி. நாலு குப்பத்துக்கும் தெரியட்டும். உங்க அண்ணன் இருந்தா இந்நேரம் சொல்லிகினு இருப்பான்" என்று அழுதாள். கம்பெனிக்கு போன் செய்தேன். எழுதிக் கொடுங்கள், மேலே அனுமதி வாங்கி நாளை மறுநாள் போடலாம் என்றார்கள். சட்டப்படி அவர்கள் சொன்னது சரிதான். கடலில் கிடக்கிறவனுக்கு நாளை மறுநாள் என்று ஒன்று உண்டா?

மாடிக்குப் போனேன். நம் ஊர் லைன் இன்னும் அங்கிருந்துதான் பிரிகிறது. அவர்கள் படம் ஓடிய பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டு உன் பழைய கேமராவைச் சொருகினேன். மூன்று பெயரையும் மூன்று தடவை படித்தேன். குரல் நடுங்கியது. நீ எப்படித்தான் தினமும் படித்தாயோ!

பக்கத்துக் குப்பங்களிலிருந்து ஏழு படகுகள் தேடப் போயின. ஒன்றுக்கும் அவர்கள் கிடைக்கவில்லை. என்ஜின் கெட்டு அலைந்த அந்த மூன்று பேரும் மறுநாள் கடப்பாக்கத்தில் தாங்களே கரையேறி பஸ் பிடித்து வந்தார்கள். அப்படியானால் நான் படித்தது வீண்தானே என்று அஞ்சலை அக்காவிடம் கேட்டேன். "இன்னா பேசற நீ? ஏழு போட்டு போயிகீதுன்னு சொன்னாங்கோ. அத்த நெனச்சிகினுதான் நான் உசுரோட உக்காந்துகினு இருந்தேன்" என்றாள்.

நேற்றுக் கேளம்பாக்கத்துக்காரர் நான் கையெழுத்துப் போட ஒரு மன்னிப்புக் கடிதம் கொண்டுவந்தார். தமிழிலேயே எழுதியிருந்தார், பாவம். நான் செய்தது தவறு, இனி அந்தச் சேனலைத் தொடமாட்டேன் என்று இருந்தது. போடாவிட்டால் வேலை இல்லை. "போட்டுடும்மா, நானும் இது மாதிரி போட்டவன்தான்" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

போடமாட்டேன் அண்ணா. வேலை போனால் போகட்டும். இனி யார் வீட்டு ஆள் கரை திரும்பாவிட்டாலும், ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு நாலு குப்பத்துக்கும் நானே போய்ப் படிப்பேன். அதற்கு யார் அனுமதி வேண்டும் என்று அவர்கள் தேடிக்கொண்டிருக்கட்டும்.

குரல் நடுங்கினாலும் நிறுத்தாத உன் தங்கச்சி,
செல்வி