படகின் ஸ்டீயரிங் கழலவில்லை

ஜூலை 7, திங்கள்

எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்றும் தெரியவில்லை. தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்தவர்கள் எங்கள் வீட்டில் யாரும் கிடையாது. பாஸ்புக்கில் அப்பா போடும் கையெழுத்துதான் எங்கள் குடும்பத்து எழுத்து. ஆனால் மனசுக்குள் ஒரு குழப்பம் இருக்கிறது, வாய்விட்டுச் சொல்ல ஆள் இல்லை. அதனால்தான்.

பட்டறைக்கு இன்று ஒரு படகு வந்தது. லாரியிலிருந்து இறக்கும்போது எதிர் டீக்கடையே எழுந்து வந்து நின்றது. "எந்தக் கம்மாயில விடப்போறீங்க?" என்று ஒருவர் விசாரித்தார். திருமயம் பக்கம் சேதுலட்சுமி ஆச்சி வீட்டுக் கார் ஷெட்டில் பல வருடங்களாக நின்ற மோட்டார் படகு. ஆச்சியின் மாமனார் பர்மாவிலிருந்து கப்பலில் கொண்டு வந்ததாம். முழுக்கத் தேக்கு. காரில் இருப்பது போலவே ஸ்டீயரிங்.

பட்டறை முதலாளி ஆத்மநாதன் சார் பழைய கார்களைப் புதுப்பிப்பவர். அவருக்கும் படகு இதுதான் முதல். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் பலகையைக் கரையான் தின்றிருக்கிறது. பலகையை மாற்ற வேண்டுமானால் முதலில் ஸ்டீயரிங் சக்கரம் கழல வேண்டும். மெக்கானிக் ஜெபக்குமார் அண்ணன் நடு நட்டை எடுத்துவிட்டார். ஆனாலும் சக்கரம் அசையவில்லை. நட்டு வந்த பிறகும் எது பிடித்துக்கொண்டிருக்கிறது?

நான் மெக்கானிக்கல் படித்தவள். இங்கே என் வேலை போன் எடுப்பது, சாமான்களைப் போட்டோ எடுத்து நம்பர் ஒட்டுவது. கந்தர்வக்கோட்டையில் அப்பா எல்லோரிடமும் சொல்வது வேறு: மகள் கார் கம்பெனியில் இன்ஜினியர். ஒரு வருடமாக நான் அதைத் திருத்தவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

வரவில்லை. ஆயில் ஊற்றி ஊற வைத்திருக்கிறார்கள்.

ஜூலை 9, புதன்

சக்கரத்தைக் கவ்வி வெளியே இழுக்கும் புல்லரை மாட்டி இழுத்தார்கள். சுற்றிலும் மரம் என்பதால் நெருப்பும் காட்ட முடியாது. "கல்யாண வீட்டுல மொதப் பந்தில ஒக்காந்த ஆளு மாதிரி எந்திரிக்கவே மாட்டேங்குது பாரு" என்றார் ஜெபக்குமார் அண்ணன்.

சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது நான் எடுத்த போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வந்தேன். வருடா வருடம் ஆயுத பூஜைக்கு இந்தச் சக்கரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார்கள். சாமிக்கு வைத்ததைத் துடைக்க யாருக்கும் மனம் வரவில்லை போல, பொட்டின் மேலேயே வார்னிஷ் அடித்திருக்கிறார்கள். அடுத்த வருடம் அந்த வார்னிஷின் மேல் ஒரு பொட்டு, அதன் மேல் மறுபடி வார்னிஷ். கண்ணாடிக்குள் வைத்த மாதிரி சந்தனம் அடுக்கடுக்காகத் தெரிகிறது.

சக்கரத்தின் கழுத்துப் பகுதியில் நான்கு பொட்டு. மூன்று புடைத்திருக்கின்றன. ஒன்று மட்டும் நடுவில் குழிந்திருக்கிறது.

ஏன்? அடியில் ஓட்டை இருக்குமோ? சக்கரம் நழுவாமல் இருக்கப் பக்கவாட்டில் தலையில்லாத ஒரு சின்னத் திருகு போடுவார்கள், கல்லூரியில் படம் வரைந்திருக்கிறேன். அது உள்ளே இருந்தால் எத்தனை புல்லர் போட்டாலும் வராது. இல்லை, வெறும் காய்ந்த சந்தனம்தானோ? இருபத்தெட்டு வருடம் ஸ்பானர் பிடித்தவருக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடும்? அதுவும், பூஜைச் சந்தனத்தைச் சுரண்டச் சொல்வது —

நாளை பார்க்கலாம்.

ஜூலை 10, வியாழன்

புல்லரை இன்னும் இறுக்கினார்கள். டக்கென்று சத்தம். கழன்றுவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். சக்கரத்தின் மர ஆரக்கால் ஒன்று நீளவாக்கில் விரிசல் விட்டிருந்தது.

நேத்தே சொல்லிருந்தா ஆயிருக்காதுல்ல? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தேன்? ஆனா சொல்லி அது தப்பாப் போயிருந்தா? தெரியல. எதுவுமே தெரியல.

மதியம் ஆச்சி போன் செய்தார். நான்தான் எடுத்தேன். "எதையும் வெட்டாம எடுக்கச் சொல்லுங்க. வெட்டித்தான் ஆகணும்னா அப்படியே திருப்பி அனுப்பிரச் சொல்லுங்க, ஆத்தா" என்றார். சாரிடம் சொன்னேன். விரிசலை இப்போதைக்கு ஆச்சியிடம் சொல்ல வேண்டாம் என்றார். சனிக்கிழமை காலைக்குள் கழலாவிட்டால் சக்கரம் மாட்டியிருக்கும் தண்டை அறுத்துவிட்டுப் புதிது போடப் போகிறாராம். ஆச்சிக்குத் தெரியவா போகிறது என்றார்.

எனக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ஜூலை 11, வெள்ளி

சொன்னேன். சொன்னேன் என்று சொல்ல முடியாது, கேட்டேன்.

"அண்ணே, அந்தச் சந்தனத்துக்கு அடில ஏதாச்சும் இருக்குமாண்ணே?"

ஜெபக்குமார் அண்ணன் காதில் விழவில்லை என்று இன்னொரு தடவை கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"சந்தனத்துக்கு அடில சாமி இருக்கும், இன்ஜினியரம்மா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் ஏன் சிரித்தேன்?

ஜூலை 12, சனி

ஒன்பதரைக்குப் போனேன். சக்கரம் மேஜை மேல் இருந்தது. தண்டை அறுக்கவில்லை. பக்கத்தில் ஒரு பேப்பரில் சுரண்டியெடுத்த சந்தனமும் வார்னிஷும் பொட்டலமாக மடித்து வைத்திருந்தது.

ஜெபக்குமார் அண்ணன் ஆறு மணிக்கே வந்திருக்கிறார். குழிந்த பொட்டைச் சுரண்டியிருக்கிறார், உள்ளே திருகு இருந்திருக்கிறது. அதை எடுத்ததும் ஒரே இழுப்பில் சக்கரம் வந்துவிட்டதாம். "மொத நாள்லேர்ந்தே எனக்கு அதுல ஒரு டவுட்டு சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சார் அவர் தோளைத் தட்டினார். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை.

மதியம், சோற்று வாளியைக் கழுவிக்கொண்டிருந்தபோது வந்தார். திருகை என் கையில் கொடுத்து நம்பர் போடச் சொன்னார். நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே பேசினார்.

"நான் சர்ச்சுக்குப் போற ஆளு. அவங்க பூசைச் சந்தனம், அதுவும் நேத்து வெள்ளிக்கெழமை. நான் சொரண்டுனேன்னு நாளைக்கு ஒரு பேச்சு வந்துரக் கூடாதுல்ல? அதான் தொடவே இல்ல. இன்னைக்கிக் குளிச்சிட்டு வந்துதான் கத்தியே எடுத்தேன்."

அதனால்தான் இத்தனை நாளும் சந்தனத்தைத் தவிர எல்லாவற்றையும் தொட்டாரா? அதைக் கேட்டதும் எனக்கு அவர் மேல் பாவமாகிவிட்டது. கோபம் எங்கே போனது என்று தேடினேன். பிறகு என் பெயரை ஏன் சொல்லவில்லை என்ற நினைப்பு வந்தது, கோபமும் திரும்பி வந்தது.

ஜூலை 13, ஞாயிறு

கோபமா, இல்லையா, தெரியவில்லை. துணி துவைத்தேன்.

ஜூலை 14, திங்கள்

விரிசலைப் பற்றி ஆச்சிக்கு ஒரு கடிதம் அடிக்கச் சொன்னார் சார். "மரம் பழசும்மா. தானா விட்டுப்போச்சுன்னு எழுதிரு."

அடித்தேன். "தானாக" என்ற சொல்லுக்குப் பிறகு விரல் நகரவில்லை. எழுந்து சாரின் மேஜைக்குப் போனேன். போகும்போது பாதியில் திரும்பிவிடுவேன் என்றுதான் நினைத்தேன்.

தானாக விடவில்லை சார் என்றேன். புதன்கிழமையே போட்டோவில் அந்தக் குழியைப் பார்த்ததையும், பயந்து சொல்லாமல் இருந்ததையும், மறுநாள் ஆரக்கால் விரிசல் விட்டதையும் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் ஜெபக்குமார் அண்ணன் வாசலில் கையில் கிரீஸ் துணியோடு நிற்பதைப் பார்த்தேன். 

"வெள்ளிக்கெழமை எங்கிட்டச் சொன்னுச்சு சார்" என்றார் அவர். "நான்தான் சிரிச்சேன்." இதைச் சொல்லிவிட்டு அங்கிட்டுப் போய்விட்டார்.

சார் என் பக்கம் திரும்பினார். இப்போது ஆச்சிக்கு என்ன எழுத வேண்டும் என்கிறாய் என்று கேட்டார். நடந்ததை, என்றேன். அவர் கடிதத்தை விட்டுவிட்டு ஆச்சிக்குப் போன் போட்டார். அறுக்க இருந்ததைக்கூடச் சொன்னார்.  பிறகு ஆச்சியின் குரல் எனக்கே கேட்டது. என்னை ஆத்தா என்றவர் சாரை அப்பச்சி என்றார்.

"ஒட்டிருங்க, அப்பச்சி. ஒட்டுனது தெரிஞ்சாலும் பரவாயில்ல. மறைக்க வேணாம்."

சார் போனை வைத்தார். நான் இன்னும் நிற்பதைப் பார்த்து, "வேற என்னம்மா?" என்றார்.

வெளியே என் மேஜையில் போன் அடித்தது. வழக்கமாக இரண்டாவது மணிக்குள் ஓடிவிடுவேன். இன்று போகவில்லை.  

"சார், அந்த ஆரக்கால நான் ஒட்டுறேன். நாளைலேர்ந்து போனை வேற யாராச்சும் எடுக்கட்டும்."