படிவத்தில் ஒரு வரி

அக்கா,

நம் தம்பி குணாளனுக்கு ஹெராயினுக்கு மாற்றாகத் தரும் மெத்தடோன் மருந்தைக் கொடுப்பதை நிறுத்திவைத்திருக்கிறார்கள். கிளினிக் நர்ஸ் பிரமிளா இன்று காலை உறுதிப்படுத்தினார். போன வாரம் அவன் கொடுத்த உன் முகவரியைச் சரிபார்க்க அழைத்தபோது, "அப்படி யாரையும் எனக்குத் தெரியாது" என்றாயாம்.

ஹெராயினை நிறுத்த அவன் தானாகவே போனான். எங்கே தங்குகிறாய் என்று நர்ஸ் கேட்டதற்கு, "சூலியா ஸ்ட்ரீட் அஞ்சடி நடைபாதைதான். கடை வாசல்ல போஸ்ட்மேன் என்னைத் தேடமாட்டான்லா, அக்கா வீட்டப் போடுங்க மிஸ்ஸி" என்று சிரித்திருக்கிறான்.

உன் வீட்டில் படுக்க இடமா கேட்டான்? படிவத்தில் ஒரு வரி கேட்டான். முதலில் என்னிடம்தான் கேட்டான், நானும் தட்டிக்கழித்தேன்.

நீ சொன்னது ஸ்பீக்கரில் அவனுக்கும் கேட்டது. அன்றிலிருந்து அஞ்சடியில் அவனைக் காணோம். இன்று என் முகவரியைக் கொடுத்துவிட்டேன். வியாழன் காலை பத்து மணிவரை கிளினிக்கில் அவனுக்காகக் காத்திருப்பார்கள்.

உன் இன்னொரு தம்பி