அண்ணன் கடைத் தராசில் பூசணி

பிப்ரவரி 11

இன்றைக்கும் பூசணியை எடை போட்டார்கள். பூசணி என்றால் காய் இல்லை, அண்ணன் மகள். அவள் பிறந்தது பதினொன்றாம் தேதி என்பதால் மாதாமாதம் அதே தேதியில் எங்கள் காய்கறிக் கடையில் இந்தக் கூத்து. தராசுத் தட்டில் துண்டை விரித்து, குழந்தையை உட்கார வைத்து, காய் வாங்க வந்தவர்கள் எல்லாம் சுற்றி நிற்க, அண்ணன் ஏலம் விடுகிற மாதிரி கத்துவான்.

"ஏழு மாசம்! ஏழு கிலோ இருநூறு! எல்லாம் நம்ம தோட்டத்துக் காய் தின்னு வந்த உடம்பு!"

பிறகு அதே எடைக்குப் பூசணிக்காய், முள்ளங்கி, கேரட் என்று அடுக்கி, பக்கத்தில் குழந்தையைச் சாய்த்து ஒரு போட்டோ. கடைச் சுவரில் இப்போது ஏழு போட்டோ. எல்லாவற்றிலும் காய்கள்தான் பளபளவென்று இருக்கின்றன.

கைதட்டினவர்களுக்கு ஆளுக்கொரு கேரட் இலவசம். ஒரு கேரட்டுக்குக் கைதட்டுகிற ஜனம்.

நான் பின்னால் கீரைக்கட்டு கட்டிக்கொண்டிருந்தேன். பறிப்பது, கழுவுவது, கட்டுவது என் வேலை. பேசுவது இல்லை. 'ஊமைக்கோட்டான்' என்று அண்ணன் பெயர் வைத்திருக்கிறான். அண்ணி மாசமாக இருந்தபோது கடைக்கு ஆள் வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்போடு என்னை நிறுத்தினார்கள். வகுப்பில் பெயர் கூப்பிட்டாலே பெஞ்சுக்குக் கீழே குனிந்துகொள்வேன், அதனால் நானும் சண்டை போடவில்லை. "அவளுக்குப் படிப்பு ஏறல" என்று அம்மா எல்லோரிடமும் சொல்கிறாள். சொல்லட்டும்.

பிப்ரவரி 14

பூசணிக்கு முதல் பல். "கேரட் செஞ்ச வேலை" என்று அண்ணன் கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொன்னான். பல் அவளுடையது, பெயர் கேரட்டுக்கு, லாபம் இவனுக்கு.

பிப்ரவரி 20

காலையில் வேகவைத்த கேரட். மதியம் மசித்த பூசணிக்காய். சாயங்காலம் கீரைத் தண்ணீர். இதுதான் குழந்தையின் சாப்பாடு. ஒரு முட்டை சேர்க்கலாமே என்று அம்மா இன்று மெதுவாகக் கேட்டாள்.

"காய் மட்டும் தின்னு வளர்ற குழந்தைன்னு நான் ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். நீ முட்டை வாங்கிட்டு வந்து என் வாயில மண்ணப் போடு" என்றான் அண்ணன்.

அண்ணி தலையாட்டினாள். அண்ணன் வெயிலை மழை என்றாலும் ஆட்டுவாள். கழுத்தில் ஸ்பிரிங் வைத்துத்தான் கட்டிக் கொடுத்தார்கள் போல.

சாப்பிட்ட பிறகும் குழந்தை அழுகிறது. பல் வலியாம்.

மார்ச் 3

ஊசி போட சுகாதார நிலையத்துக்குப் போனோம். பை தூக்க நான். ஊசிக்கு முன்னால் நர்ஸ் எடை பார்த்தார். ஆறு கிலோ நானூறு.

"இல்ல சிஸ்டர், ஏழே காலுக்குக் கிட்ட இருக்கும்" என்றாள் அண்ணி. "நாங்க வீட்லயே மாசாமாசம் பாக்குறோம்."

"யாரு, இவளா?" நர்ஸ் குழந்தையின் தொடையைப் பிடித்துக் காட்டினார். தோல் மட்டும் தனியாக வந்தது. "என்னம்மா குடுக்குற?"

அண்ணி பெருமையாக எல்லாக் காயையும் சொன்னாள்.

"நீ பெத்தது பிள்ளையா ஆட்டுக்குட்டியா? பருப்பு, முட்டை, ஒரு கரண்டி எண்ணெய், ஒண்ணும் கிடையாதா? காய் வயித்தை ரொப்பும்மா, சதை போடாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். "அவங்க தராசு துருப்பிடிச்சது. நம்மது புதுசு." அவ்வளவுதான். அம்மா ஆமாம் என்றாள். ஸ்பிரிங் ஆடியது. எனக்கும்தான் — சிவப்பு எழுத்தில் பளிச்சென்று காட்டுகிற தராசு பொய் சொல்லும் என்று தோன்றவில்லை.

மார்ச் 6

எதிர்வீட்டுத் தையல்கார அக்கா தக்காளிப் பையோடு வந்து நின்றார்.

"ஏம்பா, உன்கிட்ட வாங்குற தக்காளி தெருவைத் தாண்டுறதுக்குள்ள இளைச்சுப் போகுதே, என்ன விஷயம்? என் வீட்டுத் தராசுல குறையுது."

"வெயில்க்கா. மனுஷனே இளைக்கிறான்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்துவிட்டு இரண்டு வெங்காயம் எக்ஸ்ட்ரா வாங்கிக்கொண்டு போனார். இரண்டு வெங்காயத்தில் ஒரு சந்தேகம் தீர்ந்தது.

அண்ணன் மட்டும் என் பக்கம் ஒரு தடவை பார்த்தான். எதற்குப் பார்த்தான்?

மார்ச் 7

மதியம் அண்ணன் சாப்பிடப் போனபோது, சமையலறையிலிருந்து பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைக் கொண்டுவந்து தராசில் வைத்தேன். ஒரு கிலோ நூற்றைம்பது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். அதே. சர்க்கரைப் பாக்கெட். அதே.

சரி, அண்ணன் திருடன். இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கூடுதலாகக் காட்டும்படி ஆள் வைத்துத் திருகியிருக்கிறான்.

கீரை கட்ட உட்கார்ந்த பிறகுதான் மற்றது உறைத்தது. பூசணி உட்காருவதும் அதே தட்டு.

பொட்டலம் கட்டுகிற தாளில் வகுத்துப் பார்த்தேன். போன மாதத்து ஏழு கிலோ இருநூறு, நர்ஸ் சொன்ன எடைக்கும் கீழே போய் நின்றது. இந்தத் தராசு வந்தது அவளுடைய ஐந்தாம் மாதத்தில். அந்த மாதம்தான் எடை ஒரே தாவாகத் தாவியது என்று அண்ணன் தெருவுக்கே இனிப்பு கொடுத்தான். அப்போதிருந்துதான் எடை பார்க்கச் சுகாதார நிலையத்துக்குப் போவதும் நின்றது.

அவனே திருக வைத்திருக்கிறான். அவனே அதை நம்பியும் இருக்கிறான்! ஒரு திருடனுக்கு இருக்க வேண்டிய புத்திகூட என் அண்ணனுக்கு இல்லை.

மார்ச் 8

சொன்னேன். காலையில் ஆரம்பித்து, மதியம்தான் வாயிலிருந்து வந்தது.

"அண்ணா, தராசு... பூசணி எடை தப்பு."

முதலில் அவனுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. முகத்தில் நன்றாகவே தெரிந்தது. அதற்குள் வெண்டைக்காய் மூட்டை வந்து இறங்கியது. அந்த முகத்தை எங்கேயோ எடுத்து வைத்துவிட்டான்.

"இத பாரு. ஒரு வார்த்தை வெளிய போச்சு, கடை காலி. நாம எல்லாரும் தெருவுலதான்."

"குழந்தை?"

"அவளுக்கென்ன, சிரிச்சுட்டுதானே இருக்கா? இவ்வளவு நாள் ஊமையா இருந்தியே, அப்படியே இரு."

அம்மாவிடம் போனேன். "பெத்தவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடுச்சு?" என்றாள்.

அண்ணியிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை. ஆட்டுவாள்.

மார்ச் 10

உட்கார்ந்திருந்தபடியே பூசணி சரிந்து தூங்கிவிட்டாள். வாயில் பாதி கேரட். அவள் வயதுக் குழந்தைகள் தவழுகின்றன. இவள் புரளுவதோடு சரி. "நிதானமான பிள்ளை"யாம். தெம்பு இல்லாததற்கு இந்த வீட்டில் எவ்வளவு அழகான பெயர்!

நாளை பதினொன்று.

மார்ச் 11

வழக்கம்போல் கூட்டம். துண்டு விரித்தாயிற்று. அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தான். அண்ணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் குறுக்கே போய், உப்புப் பாக்கெட்டைத் துண்டின்மேல் வைத்தேன்.

பேசவில்லை. பேச வரவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வைத்த கையை எடுத்து எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை.

"என்னடி இது, உப்புக்கும் இன்னைக்குத்தான் பொறந்த நாளா?" என்று சிரித்துக்கொண்டே தையல்கார அக்கா எட்டிப் பார்த்தார். பாக்கெட்டைத் திருப்பி அதிலிருந்த எடையைப் படித்தார். தராசைப் படித்தார். "ஒரு கிலோ உப்பு இங்க ஒரு கிலோ நூத்தம்பது காட்டுது! அட, தக்காளிய இளைக்க வச்ச வெயில் இதுதானா!"

பிறகு ஒரே சத்தம். அண்ணன் "ரிப்பேர், ரிப்பேர், இன்னைக்குத்தான் ரிப்பேர்" என்று கத்தினான். போன வாரம் வாங்கினது, போன மாதம் வாங்கினது என்று ஆளாளுக்கு நியாயம். ஏழு மாதமாகக் கைதட்டின அதே கைகள் இப்போது அவன் முகத்துக்கு நேராக நீண்டன. அத்தனை பேரில் ஒருவர்கூடக் குழந்தையைப் பார்க்கவில்லை. தக்காளியை நினைத்தார்கள், வெங்காயத்தை நினைத்தார்கள்.

அண்ணி மட்டும் தராசையே பார்த்தாள். பிறகு சுவரில் இருந்த போட்டோக்களை. பிறகு கையில் இருந்தவளை. செருப்புக்கூடப் போடாமல் குழந்தையோடு சுகாதார நிலையத்தின் பக்கம் நடந்துவிட்டாள்.

அண்ணன் கூப்பிட்டான். தலை திரும்பவில்லை.

மார்ச் 12

அண்ணன் என்னோடு பேசுவதில்லை. நிம்மதி. அம்மா பேசுகிறாள், குடும்பத்தைக் கவிழ்த்தவள் என்று.

பாத்திரம் கழுவும்போது அண்ணி வந்து பக்கத்தில் நின்றாள். "உனக்கு எப்பத்துலேருந்து தெரியும்?"

"ஏழாம் தேதி."

"நாலு நாள். எங்கிட்ட சொல்லல."

"நீங்க தலையாட்டுவீங்கன்னு நெனச்சேன்." வாயிலிருந்து வந்தே விட்டது.

அவள் கழுவின தட்டு ஒன்றை எடுத்துத் துடைத்தாள். "ஆட்டியிருப்பேன். ரெண்டு நாள் கழிச்சு ஆட்டாமயும் இருந்திருப்பேன். நீயா எப்படி முடிவு பண்ண?"

எல்லோரையும் ஒரே பார்வையில் எடை போட்டு வைத்திருந்தேனே, நான் பெரிய தராசு!

மார்ச் 27

அண்ணன் வேறு தராசு வாங்கிவிட்டான். 'சரியான எடை' என்று பலகை வேறு. பாதிப் பேர் திரும்பி வந்துவிட்டார்கள், கேரட் மலிவாயிற்றே. தையல்கார அக்கா பையைத் தூக்கிப் பார்த்து, "என்னப்பா, இன்னைக்குக் கனக்குது!" என்றார்.

"உங்களுக்காக ரெண்டு சேர்த்துப் போட்டேன்க்கா."

வெட்கம் என்று ஒன்று விற்பனைக்கு வந்தால் முதலில் இவனுக்கு ஒரு கிலோ வாங்கிக் கொடுக்கவேண்டும்.

வீட்டில் இப்போது பருப்பும் முட்டையும். அண்ணன் ஒருநாள் "கேரட்டும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தான். "உங்க கேரட்டை நீங்க தின்னுங்க" என்றாள் அண்ணி. தின்றான்.

ஏப்ரல் 11

துண்டு விரிக்கவில்லை. கூட்டமும் இல்லை. அண்ணி "வாடி" என்றாள். மூவரும் சுகாதார நிலையத்துக்குப் போய் வந்தோம். நர்ஸ் ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. அட்டையில் எழுதிவிட்டு, "இப்படியே போ" என்றார். வழியில் இறக்கிவிட்டபோது பூசணி புல்லில் இரண்டு அடி தவழ்ந்து, கிடைத்த கல்லை வாயில் போட்டுக்கொண்டாள்.

கடைக்கு வந்ததும் அண்ணன் கேட்டான். "எவ்வளவு?"

அண்ணி காதில் வாங்காமல், குழந்தையை அவன் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள். அவன் என்னைப் பார்த்தான். நான் கீரையைப் பார்த்தேன்.

பக்கத்திலேயே தராசு இருக்கிறது. சரியான தராசு. அவன் அதன் பக்கம் போகவில்லை. தோட்டத்தில் காயைப் பறிப்பதற்கு முன் ஏந்திப் பார்ப்பானே, அந்த மாதிரி இரண்டு கையாலும் அவளை மேலே தூக்கி, இறக்கி, மறுபடி தூக்கிப் பார்த்தான். உதடு ஏதோ கணக்குப் போட்டது. வந்து நின்ற ஆள் "தம்பி, அரைக் கிலோ வெண்டைக்காய்" என்றார். அது அவன் காதில் விழவில்லை.

எனக்கு எடை தெரியும். நான் சொல்லவில்லை. வெண்டைக்காயை நானே நிறுத்துக் கொடுத்தேன். அவன் இன்னும் கொஞ்ச நேரம் அவளைத் தூக்கிக்கொண்டு நிற்கட்டும்.