மேல் கம்பிக் குருவி

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், தம்பி, அப்பா எல்லோரும் சுகம், அப்பாவின் வலது தோளைத் தவிர, அதுவும் இப்போது வழிக்கு வந்துகொண்டிருக்கிறது. உன் வறட்டு இருமல் போயிற்றா என்று எழுது.

போன வாரம் போனில் நீ அழுததிலிருந்து எனக்குக் கண்ணாடிக் கடையில் வேலையே ஓடவில்லை, ஒருவருடைய கண்ணாடியை இன்னொருவருக்கு மாட்டி அனுப்பப் பார்த்தேன். பிசியோதெரபியை விட்டுக் கம்ப்யூட்டர் படித்து ஒரு கம்பெனியில் சேர்ந்தாய், இப்போது அதையும் விட்டு, நிரல் எழுதியே படங்களை ஆடவும் ஓடவும் வைக்கிற அந்தச் சின்னக் குழுவில் சேரட்டுமா, இல்லை பேசாமல் ஆஸ்பத்திரிக்கே திரும்பிவிடட்டுமா என்று கேட்டாய். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். இப்போது பதில் வந்துவிட்டது, போனில் சொன்னால் நடுவில் புகுந்து பேசுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

நீ ஆஸ்பத்திரி வேலையை விட்டபோது அப்பா, “படிச்ச படிப்பைக் குப்பையில போட்டுட்டு கம்ப்யூட்டர்ல பொம்மை வரையப் போறாளாம்” என்று குதித்தது உனக்கு மறந்திருக்காது. அதே மனிதர் தோள் இறுகி, சட்டை மாட்டக்கூட என்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், ஆனால் டாக்டர் சொன்ன பயிற்சியை மட்டும் செய்யவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, நீயே செய்து அனுப்பிய குருவி விளையாட்டைத் தம்பி டிவியில் போட்டு மேலே கேமராவை வைத்தான். கம்பிகளில் வரிசையாகக் குருவிகள், நாம் கையைத் தூக்கினால் அந்த உயரத்தில் இருப்பவை பறக்கின்றன. நான் கரண்டியோடு போய் நின்று கையை ஆட்டினேன், தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்தே, “அந்த மேல் கம்பியில இருக்கிற நீலக் குருவி ஏன் பறக்கல?” என்றார். அதற்குக் கை இன்னும் மேலே போக வேண்டும் என்றான் தம்பி. மெதுவாக எழுந்து வந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார், பாதியில் நின்றது, முகம் சிவந்துவிட்டது, நான் போதும் என்றேன், கேட்கவில்லை. நீலக் குருவி பறந்தது சின்னு. கையை இறக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார்.

இப்போது தினமும் காலையில் டிவிக்கு முன்னால்தான். மாடி வீட்டு வக்கீலையும் பிடித்து இழுத்து வந்து காட்டினார், “தோள் எதுவரைக்கும் போகும்னு அவளுக்குத் தெரியும் சார், அதான் குருவியை அங்க உட்கார வெச்சிருக்கா” என்று பெருமை வேறு. எனக்கு அப்போதுதான் பளிச்சென்று புரிந்தது. நீ எதையும் குப்பையில் போடவில்லை, எல்லாவற்றையும் கையோடுதான் கொண்டு போயிருக்கிறாய். ஒரே குறை, மின்விசிறி ஓடினால் குருவிகளுக்குப் பைத்தியம் பிடித்துவிடுகிறது, அதைக் கொஞ்சம் கவனி.

அந்தக் குழுவுக்குச் சரி என்று சொல்லிவிடு. ஒன்றிரண்டு வருடம் கையைக் கடிக்கலாம், கடிக்கட்டும். எங்களைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வா, பயந்துபோய் மட்டும் வராதே.

நினைத்தது கைகூடி, கண்ணும் முதுகும் நோகாமல் நன்றாக இரு. கம்ப்யூட்டர் முன்னால் கூன் போட்டு உட்காராதே, ஊரையெல்லாம் நிமிர்ந்து உட்காரச் சொன்னவள் நீ.

என்றும் உன் பக்கம் இருக்கும்,
அம்மா

பி.கு.: கீழே கோணல்மாணலாக இருப்பது அப்பாவின் கையெழுத்து, வலது கையாலேயே போட்டார்.