கழுவிய சுவர்

அன்புள்ள அண்ணனுக்கு,

மதிவதனி எழுதுவது. சம்பா நட்டாகிவிட்டது. பயிர் நலம். வீட்டில் எல்லோரும் நலம் என்று எழுத முடியவில்லை.

போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார். அதனால்தான் லீவு முடிந்து நாளைக்குக் கத்தார் திரும்பும் சைபுல்லாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன பொங்கலுக்கு நீ வாங்கி வந்த சரித்திர நாவல்தான் ஆரம்பம். அதற்குப் பிறகு கீழ்வேளூர் நூலகத்தில் இருந்ததையெல்லாம் படித்தேன். ராஜா, ராணி, யானை, முத்துமாலை. அத்தனை பேருக்கும் சோறு எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் எழுதவில்லை. கோபம் வந்தது, ஆனாலும் விட முடியவில்லை. நம் தெருக்காரர்களை வைத்து நானே ஒன்று எழுத உட்கார்ந்தேன்.

நாவல் எழுதுகிறவர்கள் எப்படித் தகவல் சேர்க்கிறார்கள் என்று தேடினேன். கல்வெட்டுத் தொகுப்பைப் படிக்கிறார்கள், கதை நடக்கும் வழியில் நடந்து பார்க்கிறார்கள். சோழர் காலத்தில் மிளகாயே கிடையாது என்று அம்மாவிடம் சொன்னேன். "மொளகா இல்லாம அந்த ராசா என்னத்தத் தின்னாராம்?" என்று சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை.

நம் ஊர்க் கோயில் வெளிச்சுவர்க் கல்வெட்டில் அரிசி மாவைத் தேய்த்து, எழுத்துத் தெரியவைத்துப் படித்தேன். குளம், சுடுகாடு, வாய்க்கால், சேரி, இவற்றுக்கு வரி இல்லையாம். வாய்க்காலுக்குப் பெயர் வெட்டியிருக்கிறார்கள். சேரியில் ஒருவருக்கும் பெயர் இல்லை. ஆனாலும் அந்தச் சொல்லின் மேல் கை வைத்தபோது உடம்பு சிலிர்த்தது. நாம் அங்கே இருந்திருக்கிறோம், அண்ணா.

மறுநாள் சுவரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நாம் குத்தகைக்கு உழும் நிலத்தின் சொந்தக்காரர் பஞ்சநதம்தான் ஆள் வைத்திருந்தார். மாவுக்கு எறும்பு வருமாம். அவர் வீட்டு வாசலில் தினமும் மாக்கோலம்தான், அதை யாரும் கழுவுவதில்லை. மாவைக் கழுவுகிறீர்களா, என் கை பட்டதைக் கழுவுகிறீர்களா என்று எல்லோர் முன்னாலும் அவரிடமே கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. சாயங்காலம் அப்பாவைக் கூப்பிட்டு, "பொண்ணு நல்லாப் படிக்குது மருதையா. அறுப்பு முடியட்டும், குத்தகையப் பத்திப் பேசுவோம்" என்றாராம். அப்பாவைவிட இளையவர். பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்.

வெள்ளிக்கிழமை என்னை அழைத்துப்போய் மன்னிப்புக் கேட்கவைக்க அப்பா முடிவு செய்துவிட்டார். அதற்காக நல்ல வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார். "ஒரு வார்த்ததானம்மா, வாய் தேஞ்சா போயிடும்?" என்கிறார். அந்த வயல் போனால் இந்த வயதில் மறுபடியும் அவர் கூலிக்குப் போகவேண்டும். அது எனக்குத் தெரியாதா?

நீயும் போகச் சொல்லிவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. சொல்லிவிடாதே. அப்பாவிடம் நீ பேசு.

வெயிலில் தலைக்குத் துணி கட்டிக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. வெள்ளிக்கிழமைக்குள் கூப்பிடு. நீ கூப்பிடவில்லை என்றால் நான் போய்விடுவேன், அண்ணா. அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு அப்பா நம் வாசலில் வந்து நின்றால், மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

உன் தங்கை,
மதிவதனி