பிழை இல்லாத கடிதம்

ஆடி 20, திங்கள்

காலையிலிருந்து ஒரே காற்று. கொடியில் போட்ட புடவை பக்கத்து வீட்டு முருங்கையில். போய் எடுக்க வேண்டும். அதற்கு முன் பத்து வரி.

சனிக்கிழமை பிரான்சிலிருந்து என் வீட்டுக்காரர் தபால். அவர் எழுதியது அரைப் பக்கம். கூடவே போன மாதம் நான் எழுதிய கடிதம், மடித்துத் திரும்பி வந்திருக்கிறது. அதன்மேல் சிவப்பு மையில் கோடுகள். எண்ணினேன். பதினான்கு.

"என்னோடு பட்டாளத்தில் இருக்கும் காரைக்கால் நண்பர் முன் தலை குனிய வேண்டியிருக்கிறது. பிழை இல்லாமல் எழுதக் கற்றுக்கொள். பிறகு உன்னை இங்கே அழைக்கப் பேப்பர் போடுகிறேன்" என்கிறார். கல்யாணமாகி மூன்று வருடம். அவரோடு இருந்தது லீவில் வந்த ஐம்பது நாள்தான். பேப்பர் போட்டால்தான் எனக்கு வாழ்க்கை.

"நான் உங்களை நினைத்து அழுகை வந்தது" என்று எழுதியிருந்தேன். அதற்கும் கோடு.

கோடு போட்டது அவர்தானா? கல்யாணத்துக்கு முன் அவர் எழுதிய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் 'முயற்ச்சி' மூன்று இடத்தில். அப்படியானால் என் கடிதத்தை அங்கே வேறு யாரோ உட்கார்ந்து படிக்கிறார்கள். அழுதது வரை.

இன்று காலை அடுத்த தெரு கமலா டீச்சரிடம் (இனி க.டீ.) போய்ச் சொன்னேன். "தெனம் பத்து வரி எதனா எழுது வசந்தா. உனக்கு மட்டும்" என்றார். அதற்குத்தான் இந்த நோட்டு. அரிசி டின்னுக்குள் வைத்திருக்கிறேன். அத்தைக்கு, என் மாமியாருக்கு, எழுத்து தெரியாது. இருந்தாலும் எதற்கு வம்பு.

ஆடி 24, வெள்ளி

நான் செய்யும் தப்புகள். க.டீ. சொன்னவை:

மாடுகள் வந்தது - தப்பு. மாடுகள் வந்தன.
அந்த கடை - அந்தக் கடை. ஆனால் அந்த நோட்டு. (நாக்கில் சொல்லிப் பார்த்தால் தெரிகிறது.)
முயற்ச்சி - முயற்சி. அவருக்கும் சொல்ல வேண்டும். வேண்டாம்.
'நான்' என்று ஆரம்பித்து வேறு எதிலோ முடிப்பது. இதுதான் பெரிய வியாதியாம். பாதி வழியில் ஆளே மாறிவிடுகிறதாம்.

அரிசி ஊற வைத்தேன். கெரசின் தீர்ந்துவிட்டது.

குழாயடியில் யாரோ: "டீச்சர் வூட்டுக்குத் தெனம் இன்னாத்துக்குப் போவுது அந்தப் பொண்ணு?" நான் குடத்தை வைத்ததும் பேச்சு நின்றது. மூன்று பேர் இருந்தார்கள். யார் குரல் என்று பிடிபடவில்லை. எதிர்வீட்டுச் செல்வியாகத்தான் இருக்கும்.

ஆடி 28, செவ்வாய்

கடிதம் நான்காம் தடவை. க.டீ. ஒரு சொல்கூட எழுதித் தருவதில்லை. கோடு மட்டும் போடுவார். என்ன தப்பு என்று நானே கண்டுபிடிக்க வேண்டும். முதல் தடவை பதினொன்று. பிறகு ஆறு, இரண்டு. இன்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினார். ஒன்றுமில்லை! "பாஸ்" என்றார். எனக்குக் கால் தரையில் இல்லை.

"உங்களை நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது." சரியாகத்தான் இருக்கிறது. எழுதும்போது அழுகை வரவில்லை.

பாகூர் போஸ்ட் ஆபீசில் நானே போய்ப் போட்டேன்.

ஆவணி 13, வியாழன்

தபால் இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்ததும் சைக்கிளை வேகமாக மிதிக்கிற மாதிரி இருக்கிறது. வாங்கி வேறு யாரிடமாவது கொடுக்கிறாரோ. அத்தையும் இரண்டு நாளாக வாசலிலேயே முறத்தோடு இருக்கிறாள்.

ஏரியில் தண்ணீர் குறைச்சல். பாலில் அதைவிட அதிகம்.

ஆவணி 24, திங்கள்

தபால் வந்தது. எனக்கு இல்லை, அத்தை பேருக்கு. எப்போதும் ஒரே உறையில் இரண்டு பேருக்கும் வைப்பார்.

அத்தை புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைத் தள்ளி வைத்தாள். "குந்து. படி."

முதல் வரி: "அம்மா, இந்தக் கடிதத்தை வசந்தாவிடம் கொடுக்காதே. மளிகைக்கடைச் செட்டியாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்." என்ன படிக்கிறோம் என்று புரிவதற்குள் சத்தமாகப் படித்துவிட்டேன்.

"ஏன் நிறுத்தற? மேல படி."

படித்தேன். "அவள் பேரில் ஒரு கடிதம் வந்தது. அதில் ஒரு பிழை இல்லை. ஐந்தாவது படித்தவள் இப்படி எழுத மாட்டாள், இது ஆண்பிள்ளை எழுதியது என்று நண்பர் சொல்கிறார். யார் எழுதித் தருகிறார்கள்? வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள்? தெரியும் வரை பேப்பர் போட மாட்டேன்."

 பிழை இருந்தால் மானம் போகிறது, இல்லாவிட்டால் நடத்தை போகிறது. எப்படித்தான் எழுதுவது இந்த மனுஷனுக்கு? 

அத்தை தள்ளி வைத்த முறத்தை இழுத்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். பிறகு, "டீச்சர் வூட்டுக்காரரு அங்கதான இருக்காரு?" என்றாள்.

"அவரு கடலூர்ல வேல பாக்கறாரு அத்தே. சனிக்கெழம சாய்ந்திரம்தான் வருவாரு. நான் சனி ஞாயிறு போறதே இல்ல."

 கடிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஆவணி 25, செவ்வாய்

காலையில் கடை திறந்ததும் அத்தை செட்டியாரிடம் போய்விட்டாள். நான் உலை வைத்தேன், அரிசி போட மறந்தேன்.

திரும்பி வந்து செம்புத் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தாள்.

"செட்டியார் படிச்சாரு. நீ படிச்சதேதான். ஒரு வார்த்த கொறயல." என்னையே பார்த்தாள். "உன்னப் பத்தி எழுதனத நீயே படிச்சிக் காட்டனியேடி. மாத்திப் படிச்சிருந்தா எனக்கு இன்னா தெரியப்போவுது?"

"தோணல அத்தே" என்றேன்.

பொய். இரண்டாம் வரியிலேயே தோன்றியது. "அம்மா நலமா" என்று ஆரம்பித்திருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று இப்போதும் தெரியவில்லை.

"தாளு எடு. நான் சொல்றத சொல்றபடி எழுது."

எழுதினேன்: "டேய் சேகரு, உம் பொண்டாட்டி கையெழுத்துதான் இது. நான் பக்கத்துல குந்தினு பாக்கறேன். டீச்சரம்மா கிட்ட கத்துக்கினா. எந்த ஆம்பளையும் வூட்டுக்கு வர்ல. அங்க நீ எவ கூட சுத்தறன்னு நான் கேட்டனா? எவனோ சொன்னான்னு எழுதறியே, உனுக்கு புத்தி இல்ல? பேப்பரு போட்டு ஒழுங்கா இட்டுனு போ. இல்ல நீ வந்து சேரு."

ஒன்றையும் திருத்தவில்லை. கை பரபரத்தது, அடக்கிக்கொண்டேன். அத்தை கட்டைவிரலை மைப்புட்டியில் தோய்த்து அடியில் அழுத்தினாள். கடைசி வரி பாதி மையில் மறைந்தது.

"வேற எழுதட்டுமா அத்தே?"

"வேணாம். இப்டி இருந்தாதான் நம்புவான்."

தபாலில் போடுகிறேன் என்று கை நீட்டினேன். தரவில்லை. உறையை ஒட்டாமலே எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். போஸ்ட் ஆபீஸ் கிழக்கே. அத்தை மேற்கே போனாள், செட்டியார் கடைப் பக்கம்.